குடத்துத் தண்ணீர் பாசனமா?

போன மாதம் தர்மபுரியில் ஒரு கல்யாணப் பந்தியில், இப்போது வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். நான் அதே துறையில் ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இப்பல்லாம் மானியம் நேரா பேங்க் கணக்குக்குப் போயிடுது சார். என் பிளாக்ல பாதி விவசாயிங்க மூஞ்சியே எனக்குத் தெரியாது. நீங்கல்லாம் ஊர் ஊரா நேர்ல போயிருக்கீங்க. எவ்ளோ பேர் பழக்கம் இருந்திருக்கும்!" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில் உதவி வேளாண்மை அலுவலராகப் பயிற்சி முடித்ததும் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போட்டார்கள். பயிற்சியில் படித்ததில் பெரும்பாதி நெல். இங்கே வந்து இறங்கினால் சித்தேரி மலையடிவாரம் நெடுக நிலக்கடலையும் கேழ்வரகும் சாமையும்தான். வானம் பார்த்த பூமி என்று நான் பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அப்படி ஒன்றை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். என் மனைவி கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. அங்கேயே இருந்தாள்; சில வருடம் கழித்துக் குழந்தையும் பிறந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவேன். போகும்போதெல்லாம் குழந்தை என்னைப் பார்த்து அழும். அழுகை நின்று என்னிடம் வரத் தொடங்கும்போது நான் கிளம்ப வேண்டியிருக்கும்.

எனக்கு மேலே வேளாண்மை அலுவலராக இருந்தவர் ஞானப்பிரகாசம். அரூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்க விவசாயக் குடும்பம். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. நான் வேலையில் சேர்ந்த அன்று, "எங்க தங்கியிருக்கீங்க?" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடை மாடியில் அறை எடுத்திருப்பதாகச் சொன்னேன். "உரக்கடைக்காரர் மானியத்துல உரம் குடுக்கறவர். நாளைக்கு அவர் கணக்கை நீங்க பாக்கணும்" என்றார். மறுநாளே ஒரு தையல் கடை மாடிக்கு மாறினேன். போகிற ஊரில் யார் வீட்டிலும் உட்கார வேண்டாம், காபி டீ வேண்டாம், யாருடைய வண்டியிலும் பின்னால் ஏற வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. அதை நானே தெரிந்துகொண்டேன். முதல் மழைக்காலத்தில் ஒருவர் குடைக்குள் ஐந்து நிமிடம் நடந்து வந்தேன். அடுத்த வாரம் அவருக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான் மானியம் வந்தபோது, "குடை புடிச்சதுக்குக் கூலி" என்று ஊரே பேசியது. அந்த மழைக்கு முன்பே வரிசைப்படி நான் மேலே அனுப்பிய பெயர் அது. யாரிடம் போய்ச் சொல்வது?

ஞானப்பிரகாசம் சாரிடம் விசித்திரமான பழக்கம் ஒன்று இருந்தது. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். வந்தவுடன் ஒரு தடவை. காட்டை (மேட்டு நிலத்துக்கு அங்கே அதுதான் பெயர்) சுற்றிப் பார்த்து, விதிமுறையை எல்லோருக்கும் விளங்கச் சொல்லி, கிளம்பும் நேரத்தில் அதே கேள்வி மறுபடியும். அந்த இரண்டாவது பதிலைத்தான் எழுதுவார். முதல் தடவை சொல்லும்போது பேனாவின் மூடியைக்கூடக் கழற்ற மாட்டார்.

நான் வந்த சில வருடங்களில் ஒரு பெரிய வறட்சி வந்தது. ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. எல்லோரும் நிலக்கடலை விதைத்தார்கள். அதோடு சரி. பூ எடுத்து, காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டிய சமயத்தில் மண் கல்லாகிவிட்டது. புரட்டாசிக்குள் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். பல வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும்கூடப் போனார்கள். என் வட்டத்தில் மலையை ஒட்டி கருங்கல்மேடு என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. அங்கே நான் சைக்கிளில் போனால் நாய்கள் மட்டும் எழுந்து நின்று பார்க்கும்.

அந்த ஊரில் ஊரைவிட்டுப் போகாத ஒருவர் மாதம்மாள். நாற்பது வயது இருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஊரார் அவரைப் பெயர் சொல்லாமல் கன்னடக்காரி என்பார்கள். அவருக்கு ஓடையை ஒட்டி ஓர் ஏக்கர் காடு இருந்தது. கிணறு கிடையாது. ஓடையில் தண்ணீரும் இல்லை. ஆனால் மணலை ஆளுயரத்துக்குத் தோண்டி ஊத்து எடுத்திருந்தார். குழிக்குள் இறங்கி, சொம்பால் குடத்தை நிரப்பி, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் கரையேறி, ஒவ்வொரு செடிக்கும் அடியில் ஊற்றுவார். பாதிக் காட்டைக் கைவிட்டுவிட்டு மீதிப் பாதிக்கு மட்டும் அப்படி ஊற்றினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, "இது கட்டுப்படியாகுங்களா?" என்று கேட்டேன்.

"வூட்ல உக்காந்து என்னா சார் பண்றது? யார்கிட்ட பேசறது? செடியாச்சும் கேக்குது" என்றார்.

ஐப்பசியில் அரசாங்க உத்தரவு வந்தது. மானாவாரி நிலக்கடலை கருகிய ஊர்களுக்கு மானியம். கொஞ்சம் ரொக்கம், அடுத்த பட்டத்துக்கு விதையும் உரமும் வாங்க பெர்மிட். கருகியதா இல்லையா என்பதை ஆள் சொல்லி முடிவு செய்ய முடியாது. அதற்கு அறுவடைச் சோதனை செய்ய வேண்டும். ஊருக்கு இரண்டு காடுகளைக் குலுக்கல் மாதிரி எண் அட்டவணை வைத்துத் தேர்ந்தெடுப்போம். தேர்வான காட்டின் ஒரு மூலையிலிருந்து அட்டவணை சொல்கிறபடி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து, நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்ட வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். கயிற்றுக்குள் இருக்கிற செடியை மட்டும் பிடுங்கி, காயைப் பறித்து, மண் உதறி எடை போட வேண்டும். இரண்டு காட்டின் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் ஊர் முழுக்க மானியம். மேலே போனால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

கருங்கல்மேட்டில் முதல் காட்டில் பிடுங்கியதில் பருப்பில்லாத பொக்குக் காய்தான் இருந்தது. இரண்டாவதாக வந்த எண் மாதம்மாளுடைய காடு. மானாவாரி என்றுதான் பதிவு. நான் மூலையிலிருந்து நடந்தேன். கருகிய பாதியைத் தாண்டிக் கால் போய் நின்ற இடம் பச்சைப் பாதி. முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினேன். மானியச் செய்தி கேட்டு ஊர் திரும்பியிருந்த ஆண்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக அன்றைக்கே எடை போட வேண்டியதில்லை. காய் முற்ற இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அன்று சாயங்காலமே என் அறைக்கு வந்தார்கள். முன்னால் ஊர்க்கவுண்டர் சின்னசாமி. நல்ல மனிதர். அவருடைய மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்து, கடலை போனதால் தள்ளிப்போட்டிருந்தார்.

"குச்சியப் புடுங்கி அந்தாண்ட கருகுன எடத்துல அடிச்சிருங்க சார். யாரு பாக்கப் போறாங்க?"

"எண்ணுபடிதாங்க அடிக்க முடியும்."

"ஒரு பொம்பள ஊத்துன தண்ணிக்கு அம்பது குடும்பம் பட்டினி கெடக்கணுங்களா?"

மேலதிகாரியிடம் சொல்கிறேன் என்றேன். அவர்கள் படியிறங்கிப் போனபிறகு, கீழே தையல்காரர் முதல்முறையாக என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் கடையைப் பூட்டினார். அவருடைய மாமனார் ஊர் கருங்கல்மேடு.

அந்த ஒரு வாரம் மாதம்மாளுக்கு எப்படிப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. கடையில் தீப்பெட்டி கேட்டால் இல்லை என்றார்கள். குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இரண்டு பேர் வீட்டு வாசலில் நின்று, ஆட்டை ஓட்டிக் காட்டில் விட்டுவிடுவோம் என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் அன்றிலிருந்து பாயைக் கொண்டுபோய்க் காட்டிலேயே படுத்துக்கொண்டார்.

ஞானப்பிரகாசம் சார் ஜீப்பில் வந்தார். ஊர் முழுக்க வரப்பில் நின்றது. கயிற்றைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஓடைக்கு இறங்கி ஊத்துக் குழியை எட்டிப் பார்த்தார். குழியிலிருந்து காட்டுக்குக் காலடித் தடம் ஒற்றையடிப் பாதையாகவே விழுந்திருந்தது. திரும்பி வந்து கேட்டார்.

"அம்மா, இந்தக் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சினீங்களா?"

"ஊத்துனேன் சார். செடி செடியா ஊத்துனேன்" என்றார் மாதம்மாள். குரலில் பெருமை தெரிந்தது.

சின்னசாமி முன்னால் வந்தார். "ஆமாங்கய்யா, ஊத்துனாங்க. நாங்க எல்லாருமே பாத்தோம்."

"நீ எங்க பாத்த?" மாதம்மாள் சடாரென்று திரும்பினார். "நான் ஊத்தறப்ப இந்த ஊர்ல ஒரு ஆம்பள இருந்தானா? வேணும்னா இந்த சார் பாத்தாரு, சைக்கிள்ல போறப்ப. நீ பாத்தேன்னு சொல்லாத."

சார் பேனாவைத் திறக்கவில்லை. மாதம்மாளை மட்டும் பார்த்து மெதுவாகச் சொன்னார். "நான் சொல்றத நல்லாக் கேட்டுக்குங்கம்மா. நாங்க சோதனை பண்றது மானாவாரிப் பயிருக்கு. தண்ணி பாய்ச்சின காடுன்னா இதத் தள்ளிட்டு அடுத்த எண்ணுக்குப் போவோம். ஊருக்கு மானியம் கெடைக்கும். உங்களுக்குக் கெடைக்காது, ஏன்னா உங்களுது பாசனக் காடு ஆயிடும். தண்ணி பாய்ச்சலன்னா இதையே எடை போடுவோம். எடை நிறைய வரும். அப்ப யாருக்கும் மானியம் இல்ல, உங்களுக்கும் சேத்துத்தான். குடத்துல ஊத்தறது பாசனமா இல்லியான்னு விதியில ஒரு வார்த்தையும் இல்ல. என்னைக் கேட்டா பாசனந்தான். ஆனா ஊத்துனது நீங்க. நீங்க சொல்லணும்."

மாதம்மாள் எதைச் சொன்னாலும் யாரும் மறுக்க முடியாது. சாட்சி என்றால் நான் ஒருவன்தான். சார் என் பக்கம் திரும்பவில்லை. அது வேண்டுமென்றே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாதம்மாள் காட்டைப் பார்த்தார். பிறகு வரப்பில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தீப்பெட்டி இல்லையென்ற கடைக்காரர் இருந்தார். ஆட்டை விடுவதாகச் சொன்ன இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர்கூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை. இல்லையென்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

சார் பேனாவின் மூடியைக் கழற்றினார். "தண்ணி பாய்ச்சினீங்களாம்மா?"

"ஊத்துனேன். எழுதிக்குங்க." ஒரு மூச்சு விட்டார். "எனக்கு மானியம் பேடா சார், வேணாம். ஆனா எடை போட்டுட்டுத்தான் போவணும்."

"இந்த எடை எதுலயும் ஏறாதும்மா."

"ஏற வேணாம். நான் இத்தினி நாளு தண்ணி ஊத்துனதுக்கு என்னா வெளஞ்சிருக்குன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டுப் போங்க."

சார் பேனாவைப் பையில் வைத்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டுகிறவரைப் போலக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு கயிற்றுக்குள் இறங்கினார். "ஆளுங்க வாங்க. கயித்துக்குள்ள ஒரு செடி விடாமப் புடுங்குங்க" என்றார். மானியம் கேட்டு வந்த ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சின்னசாமியும் இறங்கினார். செடியைப் பிடுங்கி உதறும்போது வேர் நிறையக் காய் சரசரத்தது. அந்த வருடம் யாரும் கேட்காத சத்தம் அது. உட்கார்ந்து காய் பறித்தார்கள். ஒரு பெரியவர் ஒரு காயை உடைத்துப் பருப்பைப் பார்த்துவிட்டு, தின்னாமல் குவியலிலேயே போட்டார்.

தராசை நான் பிடித்தேன். சார் படிக்கல் வைத்தார். முறைப்படி மூன்று தடவை எடை போட்டு, ஊருக்கே கேட்கும்படி எடையைச் சொன்னார். நல்ல மழை வருடத்தில்கூட அந்த ஊரில் அப்படி விளைந்ததில்லை. மாதம்மாள் தலையை ஆட்டினார். குவியலை முந்தானையில் அள்ளிக்கொண்டு காட்டின் மறுகோடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஜீப்பில் திரும்பினோம். பாப்பிரெட்டிப்பட்டி வந்ததும் சார் இறங்காமல், "நீங்க ஊருக்குப் போயி எவ்ளோ நாள் ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை. நாலு நாள் லீவு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த எண்ணில் வந்த காடு கருகல்தான். மாசியில் கருங்கல்மேட்டுக்கு மானியம் வந்தது. கூட்டுறவுச் சங்க வாசலில் வரிசையில் நின்று வாங்கினார்கள். சின்னசாமி மகள் கல்யாணம் நடந்தது. மாதம்மாளிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கோபம் போய்விட்டிருந்தது, ஆனால் அதன் இடத்தில் கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் தெருவில் வந்தால் ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். களையெடுக்கக்கூட யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் பக்கத்து ஊருக்கு நடந்துபோய்க் கூலி வேலை செய்தார். விளைந்த கடலையில் ஒரு மூட்டையை மட்டும் அரூரில் விற்றுவிட்டு மீதியைத் தோலோடு வீட்டில் வைத்திருந்தார்.

அந்த மாதங்களில்தான் எனக்கும் அவருக்கும் பேச்சு வளர்ந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் அந்த ஊருக்குப் போக வேண்டும். போனால் அவர் காட்டு வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் நின்று பேசுவோம். என் வட்டத்தில் என்னிடம் அரசாங்கத்தைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். "மத்தியானம் என்னா சாப்ட்டீங்க? கொழந்தைக்குப் பல்லு மொளைச்சிருச்சா? உங்கூட்டம்மா லெட்டர் போட்டாங்களா?" என்று கேட்பார். குழந்தை என்னைப் பார்த்து அழுவதை அவரிடம்தான் சொன்னேன். "அளுவட்டும் சார். அளுதாத்தான் மூஞ்சி மனசுல நிக்கும்" என்று சிரித்தார். அவர் தன் அம்மா வீட்டைப் பற்றி, அங்கே ராகிக் களிக்கு ஊற்றும் குழம்பைப் பற்றி, பாதி கன்னடத்தில் சொல்வார். பாதிதான் புரியும். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அறைக்குத் திரும்பும் வழியில், அடுத்த தடவை என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே மிதிப்பேன்.

அடுத்த ஆடியில் மழை நன்றாகவே பெய்தது. ஆனால் எங்கள் துறை டிப்போவுக்கு விதைக்கடலை வரவில்லை. எல்லோர் கையிலும் பெர்மிட் இருந்தது, விதை இல்லை. மண்ணில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். ஞானப்பிரகாசம் சார் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடையாக நடந்தார். நான் ஊருக்குப் போகவே பயந்தேன். எப்படியும் போக வேண்டிய நாள் வந்தது.

கருங்கல்மேட்டில் மாதம்மாள் வீட்டு வாசலில் கூட்டம். ஏதோ தகராறு என்று நினைத்து வேகமாக மிதித்தேன். வாசலில் கடலைக் குவியல். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாதம்மாள் வள்ளம் என்ற அளவுப் படியால் அளந்து போட்டுக்கொண்டிருந்தார். சின்னசாமி மூட்டை வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் போதாது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம் விதைக்கலாம், அதிலிருந்து அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாம். டிப்போ விலைதான் வாங்கினார். காசு இல்லாதவர்களிடம், அறுவடையில் அதே அளவு திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.

"கைய எடு, வள்ளத்துல கைய வெக்காத!" என்று கடைக்காரரை அதட்டினார். "தீப்பெட்டி இல்லன்னு சொன்ன வாயில்ல இது?" கடைக்காரர் தலையைச் சொறிந்தார். யாரோ சிரித்தார்கள். மாதம்மாளும் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் உள்ளேயிருந்து காபித்தண்ணி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

நான் தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. உள்ளே போகலாமா என்று யோசித்தேன். போனால், விதை எப்போது வரும் என்று கேட்பார்கள். யாரும் கவனிக்கும் முன்னால் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மாதம்மாள் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல வரப்பில் சைக்கிளைச் சாய்த்தேன். குழந்தை இரண்டு அடி நடந்துவிட்டது என்று கடிதம் வந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். மாதம்மாள் நிமிர்ந்தார். மற்ற பெண்களும் நிமிர்ந்தார்கள். அவர் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்ப் பெண்கள் எல்லோரும் என்னிடம் பேசும் அதே மரியாதைக் குரலில் கேட்டார்.

"வாங்க சார். எங்க ஊருக்கு இந்த வருசம் என்னா குடுக்கறாங்க?"

அதுவரை அவர் வாயில் எங்க ஊர் என்றால் தேன்கனிக்கோட்டைப் பக்கம்தான். கடலைக்குப் போடும் ஜிப்சம் வந்திருக்கிறது, பெர்மிட்டோடு டிப்போவுக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். "செரிங்க சார், எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன்" என்றார். பக்கத்தில் நின்ற பெண் ஏதோ சொல்ல, அவளோடு சிரித்துக்கொண்டே குனிந்து களை கொத்தத் தொடங்கினார். வரிசை நகர்ந்து ஓடைப் பக்கம் போயிற்று. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனேன்.